சர்வாதிகாரங்களின் எழுச்சியும் கிள்ளான் கடற்கரைத் தோட்டங்களும் (1919–1945)

முதல் உலகப் போர் 1918இல் ஓய்ந்தது. அடுத்தது 1939இல் மூண்டது. இடைப்பட்ட இருபதாண்டில் இத்தாலி, சோவியத் ஒன்றியம், ஜெர்மனி ஆகிய நாடுகளில் ஒரே கட்சி, ஒரே தலைவர் என்ற ஆட்சிகள் நிலைபெற்றன. ஜப்பானில் ராணுவம் அரசாங்கத்தை விழுங்கியது. முதல் மூன்றையும் மலாயாத் தமிழர்கள் பத்திரிகையில் படித்தார்கள். நான்காவதன் கீழ் மூன்றரை ஆண்டு வாழ்ந்தார்கள்; பல்லாயிரம் பேர் வாழாமல் போனார்கள். சிலாங்கூர்க் கடற்கரையில் லங்காட் ஆற்று முகத்துவாரத்தை ஒட்டியுள்ள கேரி தீவு, அதைச் சூழ்ந்த கிள்ளான், கோல லங்காட் வட்டாரத் தோட்டங்கள், அவற்றின் பிழைப்போடு பின்னிக் கிடந்த கோலாலம்பூர் ஆகிய இடங்களுக்கு அந்த எழுச்சி எவ்வழியாக வந்து சேர்ந்தது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

தீவும் துரையும்

கேரி தீவுக்குப் பெயர் தந்தவர் எட்வர்ட் வேலன்டைன் கேரி என்ற ஆங்கிலேயத் தோட்ட முதலாளி. சதுப்புநிலக் காடாகக் கிடந்த தீவை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் தோட்டமாக்க முனைந்தார். கடல்நீர் புகாதபடி அணைகட்டி, கால்வாய் வெட்டி, மண்ணை உலரவிட்ட பிறகே பயிர் ஊன்ற முடிந்தது. இந்தக் கடற்கரை முழுவதும் அன்று ரப்பரும் தென்னையும்தான். பிற்காலத்தில் இரண்டையும் ஓரங்கட்டிவிட்டுச் செம்பனை தீவை நிறைத்தது. தீவின் பூர்வகுடிகள் மா மெரி மக்கள். மரத்தில் முகமூடி செதுக்குவதில் பேர்போன சுங்கை பும்பூன் சிற்றூர் அவர்களுடையது. தமிழர்கள் பிழைக்க வந்தவர்கள். கங்காணி சொன்ன பேச்சை நம்பியும், 1907இல் தொடங்கிய தமிழர் குடியேற்ற நிதியின் செலவிலும் கப்பலேறி, பினாங்கிலோ போர்ட் சுவெட்டன்ஹாமிலோ இறங்கியவர்கள்.

தோட்டத்துக்குள் துரை சொல்வதே சட்டம். விடியுமுன் பெரட்டு வரிசையில் நிற்க வேண்டும். கிராணி என்ற கணக்கர் செக்ரோல் பதிவேட்டைப் பார்த்துப் பெயர் கூப்பிடுவார். கங்காணி ஆளைப் பிரித்து நிரைக்கு அனுப்புவார். குடியிருக்கும் லயம் தோட்டத்துடையது. பள்ளிக்கூடம், ஆயாக் கொட்டகை, கள்ளுக்கடை, கோயில் நிற்கும் நிலம் எல்லாமே தோட்டத்துடையவை. வேலை போனால் அன்றே கூரையும் போயிற்று. சைக்கிளில் வரும் தொழிலாளி எதிரே துரையையோ கிராணியையோ கண்டால் இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும் என்ற எழுதாத விதியும் இருந்தது.

இந்தத் தோட்டத்தையே ஒரு குட்டிச் சர்வாதிகாரம் என்று எழுதுவோர் உண்டு. கோபம் நியாயமானது, கணிப்பு அவ்வளவு சரியல்ல. துரைக்கு வேண்டியது பாலும் கொப்பரையும். தொழிலாளி மனத்துக்குள் என்ன நினைக்கிறான், எந்தச் சாமியைக் கும்பிடுகிறான், எந்தத் தலைவர் படத்தை லயத்துச் சுவரில் மாட்டுகிறான் என்பதெல்லாம் சங்கம் கட்டும் பேச்சு எழாதவரை அவருக்குப் பொருட்டில்லை. முசோலினியும் ஸ்டாலினும் ஹிட்லரும் கட்டிய அரசுகள் மனிதனை அப்படிச் சும்மா விடவில்லை. அடங்கி இருந்தால் மட்டும் போதாது. ஊர்வலத்தில் நடக்க வேண்டும், கோஷம் போட வேண்டும், பிள்ளையை இளைஞர் அணியில் சேர்க்க வேண்டும். ஆனால் ஆளை எண்ணி, வரிசையில் நிறுத்தி, பெயர் கூப்பிடும் தோட்ட ஏற்பாடு எல்லாம் தயாராக இருந்தது. பின்னால் வந்த ஆட்சி அதை அப்படியே எடுத்துக்கொண்டது.

ஐரோப்பாவில் நடந்தது

1922 அக்டோபரில் முசோலினியின் கருஞ்சட்டையினர் ரோமை நோக்கி நடந்தார்கள். பெரிய சண்டை ஏதும் நடக்கவில்லை. மன்னர் அவரையே அழைத்துப் பிரதமராக்கினார். 1924 ஜூனில், தேர்தல் மோசடியை நாடாளுமன்றத்தில் எடுத்துப் பேசிய சோஷலிச உறுப்பினர் ஜாகோமோ மத்தியோத்தி கடத்திக் கொல்லப்பட்டார். 1926க்குள் மற்றக் கட்சிகள் எல்லாம் தடை செய்யப்பட்டன.

சோவியத் ஒன்றியத்தில் 1922இல் கட்சியின் பொதுச் செயலாளரான ஸ்டாலின், 1924இல் லெனின் மறைந்த பிறகு போட்டியாளர்களை ஒவ்வொருவராக ஒதுக்கி, 1928இல் முதல் ஐந்தாண்டுத் திட்டத்தைத் தொடங்கினார். நிலங்களைக் கூட்டுப்பண்ணையாக்கியதும் தானியத்தைப் பறிமுதல் செய்ததும் 1932–33இல் உக்ரைனிலும் கஜகஸ்தானிலும் பெரும் பஞ்சத்தில் முடிந்தன. 1937–38 களையெடுப்பில் சுடப்பட்டவர்கள் மட்டும் ஆறே முக்கால் லட்சத்துக்கு மேல் என்று அரசின் சொந்தப் பதிவேடுகளே காட்டுகின்றன.

ஜெர்மனியில் நாஜிக் கட்சி 1928 தேர்தலில் வாங்கியது 2.6 சதவீத வாக்கு. 1930இல் அது 18.3 ஆனது, 1932 ஜூலையில் 37.3. இடையில் நடந்தது 1929 நியூயார்க் பங்குச்சந்தைச் சரிவும் அதன் பின்விளைவும். 1932 தொடக்கத்தில் ஜெர்மனியில் 60 லட்சம் பேருக்கு வேலை இல்லை. அந்த ஆண்டு நவம்பரில் நாஜிகளின் வாக்கு 33.1 சதவீதமாக இறங்கவும் செய்தது. இறங்கு முகத்தில் இருந்த ஹிட்லரைத்தான் பழமைவாத அரசியல்வாதிகள், தங்கள் சொற்படி ஆடுவார் என்று நம்பி, 1933 ஜனவரி 30 அன்று ஆட்சிப் பீடத்தில் ஏற்றினார்கள். இரண்டு மாதத்துக்குள், நாடாளுமன்றமே தேவையில்லாமல் சட்டமியற்றும் அதிகாரம் ஹிட்லர் கைக்குப் போயிற்று. போர்ச்சுகலில் சலாசார், ஸ்பெயினில் பிராங்கோ எனப் பட்டியல் நீளும். அவர்களைச் சர்வாதிகாரிகள் என்று தயங்காமல் சொல்லலாம், ஆனால் மனித வாழ்வின் எல்லா மூலைக்குள்ளும் நுழைய அவர்கள் ஆட்சி அந்த அளவுக்கு முயன்றதில்லை.

ரப்பர் விலை சரிந்தபோது

பெர்லினில் வேலை பறித்த அதே சரிவு மலாயாவில் பால்மரத்தைத் தாக்கியது. உலக ரப்பரில் பெரும்பங்கை வாங்கியது அமெரிக்க மோட்டார்த் தொழில். அது படுத்ததும் விலையும் படுத்தது. 1925இல் பவுண்டு ஒரு வெள்ளிக்கு மேல் விற்ற ரப்பர் 1932இல் பத்துக் காசுக்கும் கீழே போனது. கடற்கரைத் தோட்டங்களில் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்றிருந்த நாட்சம்பளம் முப்பது காசு வாக்கில் இறங்கியது. 1930 முதல் 1932 வரை லட்சத்துக்கும் மேற்பட்ட தமிழர்கள் நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் திருப்பி அனுப்பப்பட்டார்கள்.

ஜெர்மனியில் வேலையற்றவன் வாக்குப் போட்டான். இங்கே வேலையற்றவன் கப்பலேற்றப்பட்டான். அதனால்தான் 1930களின் நெருக்கடி மலாயாத் தோட்டங்களில் உடனடி அரசியலாக மாறவில்லை. மாறத் தொடங்கியது அந்தப் பத்தாண்டின் பின்பகுதியில். 1936இல் மலாயா மத்திய இந்தியச் சங்கம் உருவானது. அதே ஆண்டின் இறுதியில் வி. எஸ். சீனிவாச சாஸ்திரி இந்திய அரசின் சார்பில் தோட்டங்களைப் பார்வையிட வந்தார். அவர் அறிக்கை தொழிலாளர்களைவிடத் துரைமார்களுக்கே இனித்தது என்ற மனக்குறை சங்கத்தாரிடம் நெடுநாள் இருந்தது. 1937இல் நேரு வந்துபோனார். சம்பளத்தை மறுபடி குறைக்க முனைந்ததன் விளைவாக, 1938 ஜூனில் மலாயாவுக்கு உதவிப்பணத்தில் தொழிலாளர் அனுப்புவதை இந்திய அரசு நிறுத்தியது. தோட்டங்களுக்கு ஆள்வரத்து அதோடு நின்றது. இனிமேல் இருக்கிற ஆளை வைத்தே மரம் வெட்ட வேண்டும் என்பதால் தொழிலாளியின் பேரம்பேசும் பலம் முதல் தடவையாகக் கூடியது.

தமிழ் வாசகர் கண்ட தலைவர்கள்

கோலாலம்பூரில் 1924 முதல் ‘தமிழ் நேசன்’ வந்துகொண்டிருந்தது. சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி 1935இல் ‘தமிழ் முரசு’ தொடங்கினார். சென்னை ஏடுகளும் கப்பலில் வந்தன. ஐரோப்பியத் தலைவர்கள் தமிழ் வாசகர் வீட்டுக்குள் நுழைந்தது இந்த வழியில். 1929 டிசம்பரில் மலாயாவுக்கு வந்து சுற்றிப் பேசிய பெரியார், 1932இல் சோவியத் ஒன்றியத்தை நேரில் பார்த்து வந்து அதைப் புகழ்ந்தார். அவருடைய ‘குடி அரசு’ 1931இலேயே கம்யூனிஸ்ட் அறிக்கையைத் தமிழில் வெளியிடத் தொடங்கியிருந்தது. வெ. சாமிநாத சர்மா முசோலினி, ஹிட்லர் இருவருடைய வரலாற்றையும் எழுதினார். ரங்கூனில் ‘ஜோதி’ நடத்திய அவரே 1942இல் ஜப்பானியர் பர்மாவுக்குள் புகுந்தபோது கால்நடையாக இந்தியாவுக்குத் தப்ப நேர்ந்தது. புதுமைப்பித்தன் இந்தத் தலைவர்கள் மீதான மயக்கத்துக்கு ஆளாகாதவர். முசோலினியைப் பற்றி ‘பேசிஸ்ட் ஜடாமுனி’, ஹிட்லரைப் பற்றி ந. ராமரத்னத்துடன் சேர்ந்து ‘கப்சிப் தர்பார்’ என்று அவர் வைத்த தலைப்புகளே போதும், அவர் யார் பக்கம் என்று தெரிய.

பொதுவாகப் பார்த்தால், அன்றைய இந்திய வாசகரை ஈர்த்தது இந்த ஆட்சிகளின் கொள்கையைவிட அவற்றின் வேகம்தான். சிதறிக் கிடந்த நாடு பத்தே ஆண்டில் நிமிர்ந்தது என்ற கதை அடிமைப்பட்ட மக்களுக்குக் கிளர்ச்சியூட்டியது. அந்த நிமிர்வுக்கு யார் என்ன விலை கொடுத்தார்கள் என்ற செய்தி மெதுவாகத்தான் வந்தது.

ஜப்பானின் வழி

ஜப்பானில் ஹிட்லர் போல் ஒரு தலைவர் தோன்றவில்லை. தனிக்கட்சி தெருவில் சண்டையிட்டு ஆட்சியைப் பிடிக்கவும் இல்லை. அரசியல் சிந்தனையாளர் மாருயாமா மசாவோ போருக்குப் பின் இதை மேலிருந்து வந்த பாசிசம் என்றார். 1925இல் ஆண்கள் அனைவருக்கும் வாக்குரிமை வந்த அதே ஆண்டில் அமைதிக் காப்புச் சட்டமும் வந்தது. முடியாட்சியையோ தனிச்சொத்தையோ எதிர்க்கும் அமைப்பில் இருப்பதே குற்றம் என்றது அது. 1931 செப்டம்பரில் மஞ்சூரியாவிலிருந்த படை, தோக்கியோவைக் கேளாமலே சண்டையைத் தொடங்கியது. 1932 மே 15 அன்று இளம் கடற்படை அதிகாரிகள் பிரதமர் இனுகாய் சுயோஷியைச் சுட்டுக் கொன்றார்கள். 1936 பிப்ரவரிக் கலகம் ஒடுக்கப்பட்டது என்றாலும், பயந்தது அரசியல்வாதிகள்தான். 1938இல் தேசிய அணிதிரட்டல் சட்டம் வந்தது. 1940இல் கட்சிகள் தாமாகவே கலைந்து பேரரசுத் துணைச் சங்கத்துக்குள் அடங்கின. 1941 அக்டோபரில் ஜெனரல் தோஜோ ஹிதேக்கி, ராணுவ அமைச்சர் பதவியைக் கையில் வைத்துக்கொண்டே பிரதமரானார்.

மலாயாச் சீனர்களுக்கு இது தொலைதூரச் செய்தியாக இருக்கவில்லை. 1937இல் ஜப்பான் சீனாவுக்குள் முழுப்போர் தொடுத்ததும், சீனர் தலைவர் தான் கா கீயின் தலைமையில் நிவாரண நிதி திரண்டது. கிள்ளான் கடைத்தெருவில் ஜப்பானியச் சரக்குகள் விலக்கப்பட்டன. தமிழர் பெரும்பாலோர் அதில் ஒட்டவில்லை. அவர்களுக்கு எதிரி பக்கத்திலேயே, தொப்பி போட்டுக்கொண்டு நின்றார்.

கிள்ளான் வேலைநிறுத்தங்கள், 1941

ஐரோப்பாவில் போர் மூண்டதும் ரப்பர் விலை ஏறியது. பிரிட்டனுக்கு டாலர் ஈட்டித் தரும் சரக்குகளில் ரப்பரும் ஈயமும் முன்னணியில் இருந்தன. விலை ஏறிய அளவுக்குச் சம்பளம் ஏறவில்லை. அரிசி விலை ஏறியது. அதே தோட்டத்தில் அதே வேலை செய்த சீனத் தொழிலாளி கூடுதலாக வாங்கினார். இந்த நிலையில் கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம் தோட்டம் தோட்டமாகப் போய் ஆள் திரட்டியது. முன்னணியில் நின்றவர்கள் ஆர். எச். நாதன், ஒய். கே. மேனன் ஆகிய இருவர். நாதன் ‘தமிழ் நேசன்’ பத்திரிகையில் பணிபுரிந்தவர்.

1941இன் தொடக்க மாதங்களில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் பரவியது. கோரிக்கைகளைப் பார்த்தாலே போராட்டத்தின் தன்மை விளங்கும். சீனருக்கு இணையான கூலி வேண்டும். கைநீட்டி அடிக்கும் கிராணிகளையும் கங்காணிகளையும் நீக்க வேண்டும். பெண்களிடம் முறைகேடாக நடப்பது நிற்க வேண்டும். பிள்ளைகளுக்கு ஒழுங்கான பள்ளி வேண்டும். கள்ளுக்கடைகளை மூட வேண்டும். உறவினரும் நண்பரும் லயத்துக்கு வந்துபோகத் தடை கூடாது. துரைக்கும் கிராணிக்கும் முன்னால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டிய வழக்கம் ஒழிய வேண்டும். கூலி கேட்டதைத் துரைமார் சங்கம் ஓரளவு புரிந்துகொண்டது, ஐந்து காசு கூட்டியும் கொடுத்தது. சைக்கிள் கோரிக்கைதான் அவர்களை அதிரவைத்தது. காந்தி குல்லாய் போட்டுக்கொண்டு பெரட்டுக்கு வந்த தொழிலாளியைக் கண்டு அதிகாரிகள் அடைந்த எரிச்சலும் அதே வகையானது.

மே மாதத் தொடக்கத்தில் நாதன் கைது செய்யப்பட்டார். அவரை விடுவிக்கக் கோரி மறுபடி வேலைநிறுத்தம் வெடித்து சிலாங்கூர் முழுவதும் பரவியது; அதில் சுமார் 20,000 பேர் இறங்கியதாகக் கணக்கு. மே 16 அன்று மாநிலத்தில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. மலாயாவைக் காக்க வந்திருந்த இந்தியச் சிப்பாய்களே தோட்டங்களுக்குள் அனுப்பப்பட்டார்கள். துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளர்கள் இறந்தார்கள். நூற்றுக்கணக்கானோர் கைதானார்கள், நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார்.

அப்போது பிரிட்டன் தனியே ஹிட்லரை எதிர்த்து நின்றுகொண்டிருந்தது. சுதந்திர உலகத்துக்காக என்று சொல்லி ரப்பர் வெட்டச் சொன்ன அரசு, சைக்கிளில் உட்கார்ந்தபடி போகும் சுதந்திரத்தைக் கேட்டவனைச் சுட்டது. ஏழு மாதத்தில் ஜப்பானியர் வந்தபோது தோட்டத் தமிழர் பலர் வெள்ளைக்காரனுக்காகக் கண்ணீர் விடாததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

சைக்கிளில் வந்த படை

1941 டிசம்பர் 8 அன்று கோத்தா பாருவிலும் தென் தாய்லாந்துக் கரையிலும் இறங்கிய யமாஷித்தாவின் 25ஆம் படையில் பலர் சைக்கிளிலேயே தீபகற்பத்தின் நீளத்தைக் கடந்தார்கள். 1942 ஜனவரி 11 அன்று கோலாலம்பூர் வீழ்ந்தது. அதற்கு முன்பே கிள்ளான் கடற்கரை அவர்கள் கையில். துரைமார்கள் ரப்பர்ச் சரக்குகளைக் கொளுத்திவிட்டுச் சிங்கப்பூருக்கு ஓடியிருந்தார்கள். தொழிலாளர்களுக்குச் சம்பளமும் இல்லை, அரிசியும் இல்லை. பிப்ரவரி 15இல் சிங்கப்பூரும் சரணடைந்தது.

ஜப்பான்காரன் காலம் என்று மலேசியத் தமிழர் இன்றும் சொல்லும் அந்த மூன்றரை ஆண்டில், அதுவரை தெரியாத ஒரு வகை ஆட்சி வந்தது. கடிகாரம் தோக்கியோ நேரத்துக்குத் திருப்பப்பட்டது. ஜப்பானிய ஆண்டுக் கணக்கில் 1942ஆம் ஆண்டு 2602 ஆயிற்று. பள்ளியில் காலையில் பேரரசர் இருக்கும் திசை நோக்கிக் குனிந்து வணங்கிவிட்டு நிப்பொங்கோ என்ற ஜப்பானிய மொழிப் பாடம். ஏப்ரல் 29 பேரரசரின் பிறந்தநாள் விழா. அயல்நாட்டு வானொலி கேட்டால் கெம்பெத்தாய் என்ற ராணுவப் போலீஸ் வரும். கோலாலம்பூரின் ஆங்கில நாளேடு ‘மலாய் சின்போ’ என்று பெயர் மாறியது. காவல் நிற்கும் சிப்பாயைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கித் தலை வணங்க வேண்டும். மறந்தவன் கன்னத்தில் அறை வாங்கினான். முன்பு துரைக்கு முன்னால் இறங்கிய கிராணியும் இப்போது தொழிலாளியோடு சேர்ந்து இறங்கினார், அவ்வளவுதான் வேறுபாடு.

அரச நகரான கிள்ளானில் அரியணையும் மாறியது. 1930களில் பிரிட்டிஷார் வாரிசுரிமையைப் பறித்து ஒதுக்கிவைத்த மூத்த இளவரசர் மூசாவை ஜப்பானியர் சுல்தானாக்கி, ஆட்சியிலிருந்த சுல்தான் ஹிசாமுடினை இறக்கினார்கள். போர் முடிந்ததும் பிரிட்டிஷார் அதைத் திருப்பிப்போட்டு, மூசாவை கோகோஸ் தீவுகளுக்கு நாடுகடத்தினார்கள். யாரைச் சுல்தானாக்குவது என்பதில் இரு பேரரசுகளும் காட்டிய எளிமை ஒன்றுபோலவே இருந்தது.

மலாயா தன் அரிசியில் மூன்றில் இரு பங்கை வெளியிலிருந்து வாங்கிய நாடு. கப்பல் நின்றதும் மரவள்ளிக்கிழங்குதான் சோறு. ரப்பருக்கு அமெரிக்கச் சந்தை இல்லை. தோட்டங்களில் வேலை இல்லை. வாழைமரம் அச்சிட்ட ஜப்பானிய நோட்டு மாதத்துக்கு மாதம் மதிப்பிழந்தது. சீனர்கள் கூட்டம்கூட்டமாகக் கொல்லப்பட்டார்கள். தமிழர்களை அப்படிக் கொல்லவில்லை. அவர்களை வேறு வேலைக்கு வைத்திருந்தார்கள்.

சயாம்

பர்மாவிலிருந்த படைக்குச் சாமான் அனுப்ப, சயாம் என்று தமிழர் சொன்ன தாய்லாந்தின் நோங் பிளாடுக்கிலிருந்து பர்மாவின் தன்பியூசாயத் வரை 415 கிலோமீட்டர் ரயில்பாதை போட 1942இல் ஜப்பானிய ராணுவம் முடிவு செய்தது. 1943 அக்டோபரில் பாதை முடிந்தது. அதில் வேலை செய்த நேசநாட்டுப் போர்க்கைதிகள் சுமார் 60,000 பேர். இறந்தவர்கள் 12,000க்கு மேல். அவர்களைப் பற்றி நூல்களும் திரைப்படங்களும் ஏராளம். ஆசியத் தொழிலாளர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். அவர்களில் மலாயாவிலிருந்து போனவர்கள் எழுபதாயிரத்துக்கும் அதிகம், பெரும்பாலோர் தோட்டத் தமிழர்.

முதலில் ஆசை காட்டினார்கள்: நாளுக்கு ஒரு வெள்ளி, மூன்று மாத வேலை, சாப்பாடு இலவசம். வேலையில்லாத தோட்டத்தில் அது நல்ல பேச்சாகவே கேட்டது. குடும்பத்தோடு போனவர்கள் உண்டு. மூன்று மாதம் கழித்து யாரும் திரும்பவில்லை என்று தெரிந்ததும் ஆள்பிடிப்பு தொடங்கியது. தோட்டத்துக்கு இத்தனை பேர் என்று கணக்கு வரும். யாரை அனுப்புவது என்று முடிவு செய்ய ராணுவம் மெனக்கெட வேண்டியிருக்கவில்லை. செக்ரோல் இருந்தது, கிராணி இருந்தார், கங்காணி இருந்தார். தங்களுக்கு வேண்டாதவனை முதலில் எழுதினார்கள் என்ற கசப்பு பல குடும்பங்களில் ஒரு தலைமுறை தாண்டியும் ஆறவில்லை. கொடுங்கோன்மைக்கு ஊழியர்களைப் புதிதாகத் தேட வேண்டிய அவசியம் மிக அரிதாகத்தான் வரும், இங்கேயும் வரவில்லை.

மூடிய சரக்கு வண்டிகளில் பான்போங் வரை ஐந்து நாள் பயணம். அதற்கப்பால் காட்டுக்குள் நடை. போர்க்கைதிகளுக்கு அவர்களுடைய அதிகாரிகளும் ராணுவ மருத்துவர்களும் உடனிருந்தார்கள். தமிழர் முகாம்களில் பெரும்பாலும் மருத்துவர் இல்லை, கொதிக்கவைத்த தண்ணீர் குடிக்கச் சொல்ல ஆள் இல்லை, செத்தவர் பெயரை எழுதிவைக்க யாரும் இல்லை. 1943 மழைக்காலத்தில் காலரா வந்தபோது முகாம்கள் அப்படியே காலியாயின. அதனால்தான் போர்க்கைதி மரணங்களுக்கு ஆள்வாரியாகக் கணக்கு இருக்கிறது; தமிழர் மரணத்துக்கு மதிப்பீடு மட்டுமே, அதுவும் முப்பதாயிரத்திலிருந்து மேலே போகிறது. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ ஆகிய நாவல்கள் செய்தது, ஆவணங்கள் செய்யத் தவறிய வேலை. மலாயாவின் இந்திய மக்கள்தொகை 1931 கணக்கெடுப்பில் சுமார் 6.2 லட்சம், 1947இல் சுமார் 6 லட்சம். இயல்பாகப் பெருகியிருக்க வேண்டிய பதினாறு ஆண்டுகள் அவை. 1930களில் ஊர் திரும்பியவர்களைக் கழித்தாலும் குறை குறையாகவே நிற்கிறது.

நேதாஜியும் தோட்டத் தொழிலாளியும்

இதே ஆண்டுகளில் இதே தோட்டங்களில் இன்னொன்றும் நடந்தது. ஜப்பானிய ஆதரவில் உருவான இந்திய சுதந்திரச் சங்கம் கிளைகள் அமைத்தது. மலாயா மத்திய இந்தியச் சங்கத்தின் தலைவர்களே அதில் முன்னின்றார்கள். மத்திய இந்தியச் சங்கத்தின் செயலாளராயிருந்த கே. ஏ. நீலகண்ட ஐயர், 1942 மார்ச்சில் தோக்கியோ மாநாட்டுக்குப் போகும் வழியில் விமான விபத்தில் இறந்தார்.

சுபாஷ் சந்திர போஸ் 1943 ஜூலை 2 அன்று சிங்கப்பூர் வந்தார். அதற்கு முன் ஈராண்டு ஜெர்மனியில் இருந்து, 1942 மேயில் ஹிட்லரையும் சந்தித்திருந்தார். 1935இல் வெளியான தம் ‘இந்தியப் போராட்டம்’ நூலில், கம்யூனிசமும் பாசிசமும் கலந்த ஒன்றே இந்தியாவுக்கு ஏற்றது என்று எழுதி, பிரதி ஒன்றை முசோலினியிடமும் கொடுத்தவர் அவர். 1938இல் அந்தக் கருத்தைச் சற்றே தணித்துக்கொண்டார். ஆகவே ஐரோப்பியச் சர்வாதிகாரங்களின் பாணி அவர் வழியாக மலாயாவுக்குள் வந்தது என்று சொல்வது மிகையல்ல. சீருடை, அணிவகுப்பு, ஒரே தலைவருக்குப் பற்றுறுதி எல்லாம் இருந்தன. 1943 அக்டோபர் 21 அன்று ஆசாத் ஹிந்த் அரசை அறிவித்த கையோடு, செட்டியார்களையும் பெருவணிகர்களையும் கூட்டி, போர்க்காலத்தில் தனிச்சொத்து என்று ஒன்று கிடையாது என்ற தொனியில் பேசி நிதி திரட்டினார்.

ஆனால் பாணியோடு ஒப்பீடு நின்றுவிடுகிறது. பாசிசத்தின் உயிர்நாடி இனவெறியும் பிறரை ஒதுக்குவதும். போஸ் நடத்திய இயக்கத்தில் தமிழர், சீக்கியர், மலையாளி, முஸ்லிம் ஒரே பந்தியில் உண்டார்கள். சிங்கப்பூரில் செட்டியார் கோயிலுக்கு அழைத்தபோது, எல்லாச் சாதியாரும் எல்லா மதத்தாரும் உள்ளே வரலாம் என்றால்தான் வருவேன் என்று சொல்லி, அப்படியே நுழைந்தார். கேப்டன் லட்சுமி தலைமையிலான ஜான்சி ராணிப் படையில் தோட்டத்துப் பெண்கள் துப்பாக்கி பிடித்தார்கள். கோலாலம்பூர்ப் பெண்ணான ஜானகி, பின்னாளில் ஜானகி ஆதி நாகப்பன், பதின்வயதில் சேர்ந்து அப்படையின் இரண்டாம் நிலைத் தலைமைக்கு உயர்ந்தார். லயத்தில் பிறந்து பெரட்டுக்கு மட்டுமே வரிசையில் நின்றவர்களுக்கு, வரிசையில் நிற்பது மானமாகவும் இருக்கலாம் என்று காட்டிய இயக்கம் அது. அந்தத் தலைமுறை சாகும்வரை அதைப் பெருமையாகவே பேசியது. அவர்களைப் பாசிசத் தொண்டர்கள் என்பது அறியாமை.

எதிர்ப்புக் குரலும் இருந்தது. மலையாள ஏடான ‘மாத்ருபூமி’யின் ஆசிரியராக இருந்து மலாயாவில் வழக்கறிஞராகத் தொழில் செய்த கே. பி. கேசவ மேனன், ஜப்பானியரின் நோக்கத்தைச் சந்தேகித்துச் சுதந்திரச் சங்கத்திலிருந்து விலகினார். 1944இல் ஜப்பானியர் அவரைச் சிறையிலடைத்தார்கள். மிகவும் நெருடும் கேள்வி சயாமைப் பற்றியது. சிங்கப்பூரில் சுதந்திர அரசு அறிவிக்கப்பட்ட அந்த அக்டோபர் மாதத்தில்தான் மரண ரயிலின் கடைசித் தண்டவாளம் போடப்பட்டது. ஆள் பிடிப்பதைத் தடுக்கும் அதிகாரம் அந்த அரசிடம் இருக்கவில்லை. சயாமுக்குப் போவதிலிருந்து தப்பவே போஸின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தோம் என்று சொன்ன தொழிலாளர்களும் உண்டு. ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ இந்தக் காலத்தின் வீரத்தையும் வெறுமையையும் ஒருசேரப் பார்த்த நாவல்.

போருக்குப் பின்

1945 தொடக்கத்தில் நேசநாட்டு விமானங்கள் கோலாலம்பூரின் ரயில் பட்டறைகளைக் குண்டுவீசித் தாக்கின. பிரிக்ஃபீல்ட்ஸ், செந்தூல் ரயில்வே குடியிருப்புகளில் வாழ்ந்த தமிழர்களுக்குப் போர் நேராகத் தலைமேல் வந்தது அப்போதுதான். ஜப்பான் சரணடைந்து மூன்று வாரம் கழித்து, செப்டம்பர் 9 அன்று, கேரி தீவுக்குத் தெற்கே மோரிப் கடற்கரையில் பிரிட்டிஷ் படை இறங்கியது. வண்டிகள் சேற்றில் புதைந்தன. எதிர்ப்பு இருந்திருந்தால் பெருஞ்சேதம் ஆகியிருக்கும். செப்டம்பர் 13 அன்று கோலாலம்பூர் விக்டோரியா இன்ஸ்டிடியூஷன் பள்ளியில் சரணாகதி கையெழுத்தானது.

துரைமார்கள் திரும்பி வந்தார்கள். ஆட்கள் பழையபடி இல்லை. 1946 ஆகஸ்டில், ஆசாத் ஹிந்த் அரசில் இருந்த ஜான் திவி தலைமையில் மலாயா இந்தியர் காங்கிரஸ் பிறந்தது. கெடாவில் தொண்டர் படை என்ற பெயரில் இளைஞர்கள் சீருடையோடு கள்ளுக்கடை மறியல் செய்து 1947இல் போலீசோடு மோதினார்கள். இந்திய தேசிய ராணுவத்தில் இருந்த எஸ். ஏ. கணபதி அகில மலாயா தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவரானார். 1948 ஜூனில் பிரிட்டிஷார் அவசரநிலை அறிவித்த பின், துப்பாக்கி வைத்திருந்த குற்றத்துக்காக 1949 மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். தோட்டத் தொழிலாளர் தேசியச் சங்கம் பி. பி. நாராயணன் தலைமையில் 1954இல் உருவானபோது 1941ஆம் ஆண்டுக் கோரிக்கைகளில் பல இன்னும் பேச்சுவார்த்தை மேசையில்தான் இருந்தன.

ஆக்கிரமிப்புக் காலத்துக்கான கடனைத் தீர்க்க 1967இல் ஜப்பான் மலேசியாவுடன் ஓர் உடன்பாடு செய்துகொண்டது. 2.5 கோடி வெள்ளி மதிப்புள்ள பொருளும் சேவையும் மலேசிய அரசுக்குத் தருவது அதன் சாரம். சயாமுக்குப் போன தொழிலாளிக்கோ அவர் குடும்பத்துக்கோ நேரடியாக இழப்பீடு தரும் ஏற்பாடு அதில் இல்லை.